கொட்டிப் பார்த்த அன்று

குப்பைக் கிடங்குத் தெருவில் கடைசி வீடு சலூன்காரம்மாவுடையது. அதற்கு முந்தின வீடு டீச்சருடையது. மற்ற வீடுகளும் இருக்கின்றன, ஆட்கள்தான் இல்லை. வாடகைக்கு இருந்தவர்கள் முதலில் மூட்டை கட்டினார்கள். பிறகு சொந்த வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் படிப்பு, ஆபீஸ் பக்கம் என்று ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். நாற்றம் தாங்காமல் போகிறோம் என்று ஒருத்தராவது வாய் திறக்கவில்லை. திறந்தால் வீட்டை யார் வாங்குவார்கள்?

சலூன்காரம்மாவின் கணவர் தெருமுனையில் முடி வெட்டும் கடை வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. கடையும் போய்விட்டது. பெயர் மட்டும் அவள்மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரே மகன், அப்பாவின் தொழிலையும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு கடற்கரை ஊர் ஒன்றில் கடை போட்டிருந்தான். கூட வந்துவிடு என்று கூப்பிட்டுப் பார்த்தான். அவள் அசையவில்லை. இருந்த வீட்டை விட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். அதற்குமேல் காரணம் கேட்டால் எரிந்து விழுவாள்.

அவள் வீட்டுக்கும் டீச்சர் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு மதில். காற்று கிடங்குப் பக்கத்திலிருந்து திரும்பினால், முதலில் யார் மூக்குக்கு எட்டுகிறதோ அவர் மதிலோரம் வந்து, "காத்து திரும்பிடுச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். மற்றவர் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்த வேண்டும். பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு ஒன்றும் இல்லை. டீச்சரின் மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு, அதில் தொடங்கியது. பெண் இப்போது கல்லூரிக்குப் போகிறாள், பழக்கம் விடவில்லை. பல நாட்களில் சலூன்காரம்மா வாயிலிருந்து வரும் முதல் பேச்சு அதுதான். சில நாட்களில் கடைசிப் பேச்சும் அதுதான். அவள் அதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

இந்த அம்மாவா நகராட்சி உறுப்பினர் என்று வெளியாட்கள் ஆச்சரியப்படுவார்கள். அதற்கும் குப்பைதான் காரணம். முன்பு ஒரு தடவை, பக்கத்து ஊர்க் காய்கறி மார்க்கெட் கழிவு என்று சொல்லி லாரி லாரியாக இங்கே கொண்டுவந்து கொட்டினார்கள். கிளறினால் ஆஸ்பத்திரி ஊசி, ரத்தக் கறை பிடித்த பஞ்சு. கிடங்கில் வேலை பார்த்த ஒருவர் காலில் ஊசி ஏறிப் படுத்த படுக்கையானார். நகராட்சி பூசி மெழுகப் பார்த்தது. சலூன்காரம்மா நகராட்சி வாசலில் ஒற்றைக் காலில் நின்றாள். அடுத்த தேர்தலில் வார்டே சேர்ந்து அவளை நிற்க வைத்தது. அவள் கொடுத்தது ஒரே வாக்குறுதி: இனி வெளியூர் லாரி ஒன்றுகூட இந்தத் தெருவுக்குள் வராது.

அந்த ஊசி விவகாரத்துக்குப் பிறகு நகராட்சியில் ஒரு நடைமுறை வந்தது. வெளியூர்க் கழிவை ஏற்பதா வேண்டாமா என்று ஓட்டெடுப்பதற்கு முன்னால், ஒரு லாரிச் சுமையைக் கிடங்கு முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் கொட்ட வேண்டும். அந்த வார்டு உறுப்பினர் கையுறை மாட்டிக்கொண்டு, தானே கிளறிப் பார்த்து, ஊர் கேட்கும்படி தன் அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும். அதற்குக் 'கொட்டிப் பார்த்தல்' என்று பெயர். சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால் அதைச் செய்யாமல் ஓட்டெடுக்க எந்தத் தலைவருக்கும் தைரியம் கிடையாது.

அந்த வருஷம் கடற்கரை ஊருக்குள் கடல் புகுந்தது.

செய்தி வந்ததும் இங்கே எல்லோரும் உருகித்தான் போனார்கள். போர்வை போயிற்று, அரிசி போயிற்று, பழைய துணி மூட்டை மூட்டையாகப் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு அந்த ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இடிந்த வீடுகளும் ஊறிப்போன சாமான்களும் தெருவை அடைத்துக் கிடக்கின்றன, கொட்ட இடமில்லை, அள்ளினால்தான் திரும்பக் கட்ட முடியும், உங்கள் கிடங்கில் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று. போர்வை கொடுக்க நீண்ட கைகளெல்லாம் மடங்கிக்கொண்டன.

கூட்டத்தில் வாய்ச்சண்டை. "இதுல கல்நார் ஓடு இருக்கும், அந்தத் தூசி நெஞ்சுல போனா யார் பதில் சொல்றது?" என்றார் ஒருவர். அது நியாயமான கேள்விதான். "ஒரு தடவை கதவைத் திறந்தா அப்புறம் எல்லா ஊரும் இங்கதான் வரும்" என்றார் இன்னொருவர். அதுவும் பொய்யில்லை. "நாளைக்கு நமக்கு ஒண்ணு ஆனா நாம எங்க போய்க் கொட்டுவோம்?" என்று ஒரு பக்கம் கேட்டது. மறுபக்கம், "நமக்கு ஏன் ஆகப் போகுது?" என்று சிரித்தது. கடலுக்கு முகவரி தெரியாது என்கிற நம்பிக்கை. கடைசியில் சபை சரிபாதியாக நின்றது. சரிபாதி வந்தால் தலைவர் ஓட்டுதான் முடிவு, அவர் வேண்டாம் என்று முன்பே முகத்திலடித்த மாதிரிச் சொல்லிவிட்டார். பாக்கி இருந்தது சலூன்காரம்மா மட்டும்.

அவள் எழுந்து, "என் மகன் அந்த ஊர்லதான் கடை வச்சிருக்கான். அதை முதல்லயே சொல்லிடறேன்" என்றாள்.

சொந்த விஷயம் கலந்திருந்தால் உறுப்பினர் ஓட்டுப் போடக் கூடாது, வெளியே போய் உட்கார வேண்டும். தலைவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "உங்க மகனுக்கு நஷ்டம் ஏதாவது உண்டாம்மா?"

"இல்ல. முழங்கால் அளவு தண்ணி வந்துச்சாம், போயிடுச்சாம்."

"அப்போ நீங்க இருக்கலாம்" என்றார் தலைவர். வார்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி வேண்டாமென்றுதான் அவள் சொல்வாள் என்பது அவர் கணக்கு. அவள் நினைப்பும் அன்றைக்கு அதுதான்.

மகன் அவளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தான். தினம் ஒரு முறை பேசுவான், சுருக்கமாக. பின்னால் எப்போதும் ஒரே இரைச்சல். குழந்தைகள் அழும், யாரோ பெயர்களைக் கூப்பிடுவார்கள், மணி அடிக்கும்.

"என்னடா சத்தம்?"

"கடையில கூட்டம்மா. பக்கத்துல ஸ்கூல் இருக்கு, அந்த மணி."

"முகத்தைக் காட்டேன், பார்க்கணும் போல இருக்கு."

"நெட் சரியா இல்லம்மா. நீ சாப்பிட்டியா?"

"உங்க ஊர்க் குப்பை விஷயம் எங்க கூட்டத்துக்கு வருது. நான்தான் முடிவு சொல்லணும் போலிருக்கு."

"நீ உன் வார்டுக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லும்மா. எங்களைப் பார்க்காத" என்றான். பெற்றவளுக்கு அந்தக் குரலில் ஏதோ நெருடியது. ஆனால் மகன் பெருந்தன்மையாகப் பேசுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டாள். பெருமை வந்தால் காது கொஞ்சம் மந்தமாகிவிடும்.

டீச்சர் மதிலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள். "அக்கா, நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"கொட்டிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"நான் மறைக்காம சொல்லிடறேன். லாரி வந்துச்சுன்னா எங்களால இங்க இருக்க முடியாது. டாக்டர் போன தடவையே சொன்னார், இன்னும் தூசி சேர்ந்தா பொண்ணு தாங்க மாட்டான்னு. என் தம்பி ஊர்ல வீடு பார்த்து வச்சிருக்கான். உங்களை விட்டுட்டுப் போக எனக்கு ஆசையா என்ன?"

"போக வேண்டாம்மா. லாரி வராது" என்றாள் சலூன்காரம்மா. டீச்சர் போனால் இந்தத் தெருவில் விளக்கெரியும் வீடு ஒன்றே ஒன்றாகிவிடும்.

கொட்டிப் பார்க்கும் நாள் காலையிலேயே கிடங்கு முற்றத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, நாற்றமடிக்கும் இடம் என்று வருஷக்கணக்காக எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் வேடிக்கை என்றதும் கைக்குட்டையோடு வந்து நின்றார்கள். கடற்கரை ஊரில் பெரிய சாலையை ஒட்டிய தெருக்களுக்குள் மட்டும்தான் லாரி நுழைய முடிந்ததாம். அங்கே முன்னால் கிடந்த குவியலிலிருந்து ஒரு சுமையைச் சுகாதார ஆய்வாளர் தன் கண் முன்னால் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். டீச்சர் முன்வரிசையில் நின்றாள். பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள்.

லாரியின் பின்பக்கம் மெல்ல உயர்ந்தது. சுமை சரிந்து விழுந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வந்தது குப்பை நாற்றம் இல்லை. உப்பும் சேறும் கலந்த ஒரு வாடை, மூடி வைத்த ஈரத் துணிபோல. கதவு, கட்டில் சட்டம், ஊறிப் பருத்த மெத்தை, கதவில்லாத குளிர்பெட்டி, ஒற்றைச் செருப்புகள், சேறு அப்பிய பாடப்புத்தகம், உடைந்த செங்கல். எவனுடைய குப்பையோ என்று பார்க்க வந்தவர்கள், எவனுடைய வீடோ என்று பார்க்க ஆரம்பித்தார்கள். கைக்குட்டைகள் ஒன்றிரண்டு கீழே இறங்கின.

சலூன்காரம்மா நீளக் கம்பியால் கிளறினாள். ஆய்வாளர் கூடவே நடந்து, கல்நார் ஓட்டுத் துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார். ஊசி இல்லை, பஞ்சு இல்லை. ஒரு ஜன்னல் சட்டத்துக்கு அடியில் பலகை ஒன்று மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. குனிந்து கையால் இழுத்தாள்.

கை நீளப் பலகை. இரண்டு ஓரத்திலும் அடியில் ஒரு வெட்டு. மேலே பச்சை ரெக்சின் சுற்றி, சுற்றிலும் பித்தளை ஆணி. ஒரு மூலையில் ரெக்சின் பிய்ந்து மரத்தில் பல் தடம்.

முடி வெட்டும் நாற்காலியில் குழந்தைகளுக்கு உயரம் போதாது. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே போட்டு, அதன் மேல் குழந்தையை உட்கார வைப்பதற்காக அவள் கணவர் தன் கையாலேயே செய்த பலகை அது. கைகளில் பொருந்தி வழுக்காமல் நிற்கத்தான் அந்த வெட்டுகள். டீச்சரின் மகளுக்கு முதல் முறை கத்தரி போட்டபோது, அந்தப் பிடிவாதக்காரி குப்புறச் சாய்ந்து மூலையைக் கடித்துக்கொண்டு, கடைசிவரை விடவில்லை. மற்றவர்களுக்கு அது வெறும் பலகை. அந்த முற்றத்தில் அதை அடையாளம் தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. கடையில் கூட்டமில்லை. கடையே இல்லை. அந்த மணி பக்கத்துப் பள்ளிக்கூட மணியில்லை, வீடிழந்தவர்களோடு அவன் படுத்திருக்கும் பள்ளிக்கூடத்து மணி. அந்த ஜன்னல் சட்டம் அவன் வீட்டுடையதாக இருக்கலாம். அந்த மெத்தை அவன் படுத்ததாக இருக்கலாம். உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. இடம் அதற்கு ஏற்றதில்லை.

"என்னம்மா கிடைச்சுது?" என்று தலைவர் தூரத்திலிருந்தே கேட்டார். அவருக்குக் கண்கொத்திப் பாம்பு மாதிரிப் பார்வை.

"பலகை."

"உங்க மகன் ஊராச்சே. தெரிஞ்ச சாமான் ஏதாவது இருக்கா?" தலைவர் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் நகராட்சி எழுத்தர் குறிப்பெழுத நிமிர்ந்து பார்த்தார்.

இருக்கிறது என்றால் சொந்த விஷயம். வெளியே போய் உட்கார வேண்டும். சபை சரிபாதி, தலைவர் ஓட்டு, கதவு மூடிவிடும். மகன் வாசலில் அந்தக் குவியல் அப்படியே கிடக்கும். அவன் பள்ளிக்கூடத் தரையிலேயே கிடப்பான். சலூன்காரம்மா தலையை நிமிர்த்தினாள். நேர் எதிரே டீச்சர் நின்றாள். டீச்சரின் கண் பலகையின் மூலையில் இருந்தது. பிறகு அது மெல்ல ஏறி சலூன்காரம்மாவின் முகத்துக்கு வந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றாள் சலூன்காரம்மா.

ஆயுசில் பொய்யே சொல்லாதவள் என்று அவளைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் பதவியில் உட்கார்ந்து சொன்ன முதல் பொய் அது. டீச்சர் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே எல்லாம் முடிந்தது. டீச்சர் வாயைத் திறக்கவில்லை. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தாள். சலூன்காரம்மா பலகையைக் குவியலிலேயே போட்டாள். எடுத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வாள். கணவர் அடித்த ஆணிகளை அந்தச் சேற்றில் விட்டுவிட்டு, ஓடுகளைத் தனியாகப் பிரித்து, தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் மூடிக் கொண்டுவந்தால் வார்டுக்கு ஆபத்தில்லை என்று ஊர் கேட்கச் சொன்னாள். அது பொய்யில்லை. ஆய்வாளரும் தலையாட்டினார்.

மதியம் சபையில் அவள் ஏற்கலாம் என்று கை தூக்கினாள். தலைவர் முகம் இஞ்சி தின்ற மாதிரி ஆயிற்று. "வாக்குறுதி என்னாச்சு?" என்று யாரோ கேட்டார்கள். "மீறிட்டேன். அடுத்த தடவை ஓட்டுப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வாசல் படியில் இறங்கும்போதே மகனுக்குப் போன் போட்டாள்.

"பலகை இங்க வந்துடுச்சுடா."

அவன் பின்னால் மணி அடித்தது.

"ஏன்டா மறைச்ச? பெத்தவகிட்ட மறைக்கிற விஷயமா இது?"

"வேற என்ன செய்யச் சொல்ற?" என்றான். "சொன்னா நீ சரின்னு சொல்லுவ. லாரி வந்தா டீச்சர் போயிடுவாங்க. அந்தத் தெருவுல உனக்கு அவங்களை விட்டா யார் இருக்கா? நான் எப்படியாவது இன்னொரு கடை போட்டுக்குவேன். நீ இன்னொரு டீச்சருக்கு எங்கம்மா போவ?"

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் யோசித்தவனுக்கு அம்மாவும் அதே மாதிரி யோசிப்பாள் என்று தோன்றவில்லை பார்.

"இங்க வந்துடுடா."

"தெருவை அள்ளினா இங்கயே கட்டிடலாம்மா. இந்த ஊர்ல முடி வெட்ட வேற ஆள் இல்ல."

அன்று சாயங்காலம் டீச்சர் மதிலோரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. காற்று திரும்பியபோது சலூன்காரம்மா குரல் கொடுத்தாள். உள்ளே ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது, பதில் குரல் கேட்கவில்லை. போய்க் கதவைத் தட்டலாம் என்று பலமுறை செருப்பை மாட்டினாள். என்ன சொல்வது? வராது என்று வாக்குக் கொடுத்தவளே கை தூக்கினாள் என்றா? செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுச் சாமான் ஏற்ற வண்டி வந்த காலையில்தான் டீச்சர் வந்தாள். மதிலோரம் இல்லை, வாசல் வழியாக வந்தாள். கையில் பழைய சேலைத் துண்டில் சுற்றிய ஏதோ இருந்தது.

"இந்தாங்க அக்கா."

பிரித்தால் பலகை. சேறு போகக் கழுவித் துடைத்திருந்தது.

"கிடங்குல கேட்டு வாங்கிட்டு வந்தேன். யாருதுன்னு கேட்டாங்க. என் பொண்ணு பல் பட்டது, எங்களுதுன்னு சொன்னேன். அது பொய்யில்லையே."

சலூன்காரம்மா அந்தப் பல் தடத்தை விரலால் தடவினாள். "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லாரி வந்திருக்காது. நீங்களும் போக வேண்டியிருக்காது" என்றாள்.

"தெரியும்."

"அப்புறம் ஏன்மா சொல்லல?"

டீச்சர் தெருவைப் பார்த்தபடி நின்றாள். "சொல்லத்தான் வந்தேன். நிஜமா. வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே, அப்போ உங்க கை அந்த மூலையை மறைச்சுப் பிடிச்சிருந்துச்சு. என் பொண்ணுக்காக நானும் அப்படித்தான் பிடிச்சிருப்பேன்." பிறகு, "கோபம் போகல அக்கா. ஊருக்குப் போனதும் பேசறேன்னு சொல்ல மாட்டேன். என்னிக்காவது பேசுவேன்" என்றாள்.

மனசு ஆறவில்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல டீச்சரால்தான் முடியும். வண்டி கிளம்பியது. பெண் முன்சீட்டிலிருந்து கையாட்டினாள்.

லாரிகள் வர ஆரம்பித்தன. தண்ணீர் தெளித்து, தார்ப்பாய் மூடித்தான் வந்தன. சலூன்காரம்மா கிடங்கு வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றைக்கூடச் சும்மா விடவில்லை. தார்ப்பாய் கிழிந்த லாரி ஒன்றைத் திருப்பியே அனுப்பிவிட்டாள். டிரைவர்கள் அவளுக்கு மாமியார் என்று பெயர் வைத்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அது அவள் காதுக்கும் வந்தது, அவள் கண்டுகொள்ளவில்லை.

காலியாகத் திரும்பிய ஒரு லாரியை நிறுத்தி, சேலைத் துண்டில் சுற்றிய பலகையை டிரைவரிடம் நீட்டினாள்.

"பெரிய ரோட்டை ஒட்டின தெரு. சலூன்ல கொடுத்துடுங்க தம்பி."

"அங்க சலூன் எதுவும் இல்லையேம்மா. எல்லாம் போயிடுச்சே."

"தெரியும். வரும். கொண்டு போங்க."

டிரைவர் அதை வாங்கி இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். லாரி திருப்பத்தில் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள். பூட்டிய வீடுகளைத் தாண்டி நடந்தாள். டீச்சர் வீட்டிலும் இப்போது பூட்டுத் தொங்கியது.

தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தபோது அது மூக்குக்கு எட்டியது. உப்பும் சேறும் கலந்த அந்த ஈர வாடை. சலூன்காரம்மா சொம்பை வைத்துவிட்டு விறுவிறுவென்று மதிலோரம் போனாள்.

"காத்து திரும்பிடுச்சு" என்று குரல் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஏற்கெனவே சாத்தியிருந்தன. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய்த் தன் ஜன்னல்களைச் சாத்தினாள்.